அரைக் கட்டை

தூத்துக்குடியில் மைக் செட் போடுகிறவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. எங்கள் தெருப் பாட்டு டீச்சரையும் கேலி செய்யாமல் விட்டதில்லை.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முதன்முதலாகக் கோயில் கொடைத் திருவிழாவில் பாட வந்தார். குரல் தேறாவிட்டால் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் மாற்றிவிடுவதாகச் சில தாய்மார்கள் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும்.

“டீச்சரைக் கொஞ்சம் திணற விடுதேன், பாருல” என்றேன் கூட்டாளியிடம்.

“வேண்டாம்ல, பாவம்.”

கேட்கவில்லை. அவர் பார்க்காத நேரம் சுருதிப்பெட்டியின் திருகைத் திருப்பி, அவர் பாடும் சுருதியை அரைக் கட்டை ஏற்றி வைத்தேன்.

முதலில் சமாளித்தார். பாட்டு மேலே ஏற ஏறக் கழுத்து நரம்பு புடைத்தது. உச்சியில் குரல் உடைந்தது. முன்வரிசையில் இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

டீச்சர் திருகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மைக்கில் என் பெயர் வரப்போகிறதென்று ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“சுருதியை நான்தான் சரியாப் பாக்கல. திரும்பப் பாடுதேன்” என்றார்.

திருகைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டுப் பாடினார். அதே உச்சியைத் தொட்டு நின்றார்.

வயரைச் சுருட்டும்போது கேட்டேன்: “என்னைய ஏன் டீச்சர் காட்டிக்குடுக்கல?”

“சொன்னா நாளைக்கு ஒன்னைய எவம்ல வேலைக்குக் கூப்பிடுவான்? போ, ஸ்பீக்கரை எறக்கு.”

எழுந்து போன இருவரும் அந்த இரண்டாவது பாட்டைக் கேட்கவேயில்லை. அவர்கள் பிள்ளைகள் டீச்சரிடம் திரும்பவுமில்லை. அந்த வீடுகளில் போய் உண்மையைச் சொல்ல, ஊரையே கேலி பேசும் இந்த வாய் இன்னும் திறக்கவில்லை. அதனால் முதலில் இங்கே எழுதுகிறேன்.