அம்மா தன் பெயரைச் சொன்ன நாள்

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து, "இது யாரு?" என்று நகரசபைப் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் அம்மாவைப் பதினொரு வருடம் வேறு பெயரில்தான் கூப்பிட்டார்கள்; பிறகும் பலருக்கு அந்த வாய்ப்பழக்கம் போகவில்லை. அது அம்மாவின் அக்காவுடைய, அதாவது எங்கள் பெரியம்மாவுடைய பெயர். அந்தக் கதையை இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

அம்மா பிறந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். அப்பா மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது எனக்கு ஐந்து வயது, தம்பி கைக்குழந்தை. நகரசபையில் தெருக் கூட்டும் வேலையில் இருந்த பெரியம்மாதான் எங்களைத் சபை தனக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறைக்கு, லயத்துக் காம்பராவுக்கு, அழைத்து வந்தார். சுதந்திரம் கிடைத்து இரண்டொரு வருடத்தில் அவரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள், தெருக் கூட்டுபவர்களுக்கு மேலாளான ஓவசியர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா போயிட்டா, பேரு சம்பளப் புத்தகத்துல இருக்கு. நாளையிலேருந்து நீ வா. பேர மாத்தப் போனா வேலையும் போயிரும், காம்பராவும் போயிரும்."

அம்மா தலையாட்டினார். வேறென்ன செய்வார்? பிரஜாவுரிமை இல்லாத விதவை, கையில் இரண்டு பிள்ளைகள். அன்று முதல் தினமும் விடியலில், செத்துப்போன அக்காவின் பெயரை ஓவசியர் கூப்பிட, "வந்திருக்கேனுங்க" என்று அம்மா குரல் கொடுத்தார். முதல் ஒரு மாதம் வீட்டுக்கு வந்து அழுவார். பிறகு பழகிவிட்டது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதினொரு வருடம் கழித்து, தங்களுக்கு வேண்டியவர்களை வேலைக்கு எடுப்பதற்காக, அம்மாவையும் வேறு ஐந்து பெண்களையும் சபை நிறுத்தியது. நாட்கூலிகளுக்கு முன்னறிவித்தல் தேவையில்லையாம். காம்பராக்களையும் காலி செய்யச் சொன்னார்கள். தொழிற்சங்கத்தார் ஆறு பேருக்குமாகக் கண்டியிலுள்ள தொழில் நியாயசபையில், புத்தகத்திலிருந்த பெயர்களிலேயே வழக்குப் போட்டார்கள்.

அதைக் கேட்டதும் ஓவசியர் மறுபடி வந்தார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீ மட்டும் கோட்டுக்குப் போவாத. ஆள் மாறாட்டம்னு உள்ள தள்ளிருவாங்க. புள்ளைங்கள இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க."

அதன்பின் எங்கள் காம்பராவில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அம்மா கதவைச் சாத்துவார். காக்கிச் சட்டை எது தெரிந்தாலும் தம்பி கட்டிலுக்கடியில் போய் ஒளிவான். திடீரென்று வெளியேற்றிவிட்டால் என்று, அரிசி மூட்டை அளவுகூட இல்லாத எங்கள் சாமான்களைப் பெட்டியில் கட்டி, சந்தியில் கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் கொடுத்து வைத்தோம்.

பதினாறு வயதில், படித்தவள் என்ற திமிரில், நான்தான் அம்மாவுக்குப் புத்தி சொன்னேன். "பெரியம்மா பேரையே சொல்லிரும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவ பேருல சத்தியம் பண்ணச் சொல்றியா?" என்றார் அம்மா. "எனக்கு நாக்கு வராது, புள்ள."

வழக்கன்று அந்த ஆறு பேரும் நானும் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். மற்ற ஐவரும் அம்மாவைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் பொய் வெளிப்பட்டால் தங்கள் வழக்கும் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அதில் தப்பில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நியாயசபையில் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கேட்டார். அம்மா கூண்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் சொந்தப் பெயரைச் சொன்னார்.

சபையின் சட்டத்தரணி துள்ளி எழுந்தார். அப்படி ஒருத்தி தங்கள் புத்தகத்தில் இல்லை, அவள் ஒருநாளும் வேலை செய்யவில்லை என்றார். நியாயசபைத் தலைவர், சாட்சிக்கு வந்திருந்த ஓவசியரைப் பார்த்து, அப்படியானால் பதினொரு வருடம் புத்தகத்திலுள்ள பெயருக்கு வந்து நின்றது யார் என்று கேட்டார். ஓவசியர் சட்டத்தரணியின் முகத்தைப் பார்த்தார்.

"புத்தகத்துல இருக்கிறது எங்க அக்காங்க, செத்துப்போச்சு," என்றார் அம்மா. "கூட்டுனது நானுங்க."

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் பொலிஸ் வரும் என்றே காத்திருந்தோம். வந்தது கடிதம்தான். ஆறு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும், அம்மாவை அவர் பெயரிலேயே பதிய வேண்டும் என்றிருந்தது. ஓய்வு பெறும்வரை அம்மா அதே தெருக்களைக் கூட்டினார். சென்ற வருடம் நெஞ்சு நோவில், என் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

அம்மா தைரியசாலி என்று சாவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இல்லை. அன்று கூண்டைவிட்டு இறங்கியபோது அம்மாவின் சேலை பின்புறம் நனைந்திருந்தது. பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. "இத எழுத வேணாம்க்கா" என்றான் தம்பி. எழுதத்தான் வேண்டும். அவ்வளவு பயந்தும் அம்மா பொய் சொல்லவில்லை. பொய் சொல்லச் சொன்னவள் நான்.

துன்பத்தில் துணை நின்ற சங்கத்தாருக்கும், பெட்டியை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கி வைத்த காசிம் நானாவுக்கும், இறுதிக் கிரியைகளுக்கு வந்து உதவிய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. வழக்கன்று நியாயசபை வாசலில் யாரும் சொல்லாமலே அம்மாவைச் சுற்றிக்கொண்டு, அந்த ஈரம் ஒரு கண்ணுக்கும் தெரியாதபடி, கண்டி பஸ் நிலையம்வரை நெருக்கமாக நடந்து வந்த ஐந்து பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.