சதுரத்துக்குள் விளைந்த நெல்

அரசாங்கம் நெல் விளைச்சலை எப்படி அளக்கிறது என்று தெரியுமா? போன மாதம்தான் நான் கண்ணாரக் கண்டேன் — வட்டுக்கோட்டையில், என் மச்சாள் செல்வராணியின் வயலில்.

மச்சாள் கணவரை இழந்தவர். அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வருடம் முழுக்கச் சோறு அந்தப் பத்துப் பரப்பு வயலிலிருந்துதான். இந்த முறை திடுதிப்பென்று இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள். மக்கள் நஞ்சில்லாத சோறு சாப்பிட வேண்டுமாம்... நல்ல மனசு! சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், தந்தார்கள். உள்ளே கல்லும் பொலித்தீனும். பயிர் மஞ்சளாகிய பிறகு தடையை எடுத்தார்கள். பசளை மட்டும் வரவில்லை.

அறுவடைக்கு முதல்நாள் ஓர் இளம் உத்தியோகத்தர் சதுரச் சட்டம் ஒன்றோடு வந்தார். அதை வயலில் வைத்து, உள்ளே நிற்கும் நெல்லை வெட்டி நிறுத்தால் முழு வயலின் விளைச்சலும் தெரிந்துவிடும். அவர் நேரே வடக்கு மூலைக்குப் போனார்.

"தம்பி, ஏன் உங்கை போறியள்? உது ஆட்டுப்பட்டி நிண்ட இடம். உங்கை மட்டுந்தான் ஒழுங்காய்க் கதிர் வந்தது."

"தெரியும் அக்கா. குறைச்சு எழுதினால் மேலிடத்திலை என்னைத்தான் கேப்பினம்."

"கூட்டி எழுதினால் எங்களுக்கு நட்டஈடு வராது. பிறகு என்ரை பிள்ளையளுக்கு நீங்களோ சோறு போடுவியள்?"

மச்சாள் சட்டத்தைப் பறித்துக்கொண்டு நடுவயலுக்குள் இறங்கினார். பெரும்பகுதி எப்படியோ, அப்படியான இடத்தில் வைத்தார்.

"இஞ்சை வெட்டுங்கோ."

அந்தப் பெடியன் குனிந்து வெட்டினார். பாதியும் பதர். உள்ளதை உள்ளபடி எழுதினார்.

உண்மை எழுதினால் சும்மா விடுவார்களா? போன வெள்ளி அவரே மேலிடத்துக் கடிதம் ஒன்றோடு வந்தார். 'தரவு நம்பகமானதாக இல்லை. மீண்டும் அளக்கவும்.'

அறுவடை முடிந்து மூன்று கிழமை. வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அளக்காட்டி, பசளை கிடைச்ச காலத்துக் கணக்கைப் போடுவினமாம் அக்கா," என்றார் தலையைக் குனிந்தபடி.

"ஓம், போடட்டும். கடுதாசியிலை எண்டாலும் எங்கடை வயல் விளையட்டும்."

மச்சாள் சிரித்துத்தான் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நட்டஈடு வரவில்லை. மச்சாள் இப்போது கடையில் அரிசி வாங்குகிறார். கப்பலில் வந்த அரிசி.

அது எந்தப் பசளையில் விளைந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை!