அப்பா எழுதிய பதில் மனு

எங்கள் அப்பாவுக்கு வீட்டில் 'சுமார்' என்று ஒரு பட்டம். வைத்தது நான்தான். ஆனால் சொல் என்னுடையது இல்லை. குடிநீர் அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி மூன்று வருடமாக அவருடைய பணி மதிப்பீட்டில் எழுதிவந்த ஒரே சொல் அது. அப்பா செய்த குற்றம், அந்தப் பெரியவர் எழுதிய கடிதங்களில் பிழை திருத்தியது. அதுவும் சிவப்பு மையில்.

மதிப்பீட்டை யாரும் அவருக்குக் காட்டவில்லை. அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டவரே அவரைத் தாண்டிக் கண்காணிப்பாளர் ஆன பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. அப்பா வழக்குப் போட்டார். குறை எழுதினால் ஊழியருக்குச் சொல்லவேண்டும், சொல்லாத குறை செல்லாது என்பது அவர் வாதம். அலுவலகம் பதிலே போடாமல் இழுத்தடித்தது. வாய்தா மேல் வாய்தா. "அந்த ஆபீஸ் வக்கீல் தன் கல்யாணத்துக்கே வாய்தா வாங்கியிருப்பாரு" என்பாள் அம்மா.

கடைசியில் நீதிபதிக்கே கோபம் வந்துவிட்டது. அடுத்த முறை பதில் மனு இல்லாவிட்டால் பெரியவர் நேரில் வந்து நிற்கவேண்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கண்காணிப்பாளர் கோப்பும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஆபீஸ்ல கோர்ட்டுக்குப் பதில் எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"என் கேஸுக்கு எதிரா நானே எழுதணுமா?"

"சும்மா ஒரு பார்வை பாருங்கண்ணே. இல்லேன்னா பெரியவரு என்னைக் கடிச்சுக் குதறிடுவாரு." செருப்பை மாட்டிக்கொண்டே முனகினார்: "இந்த வருஷம் உங்க மதிப்பீட்டை வேற நான்தான் எழுதணும்."

மிரட்டினாரா, புலம்பினாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன கோப்பை அப்பா தொடவில்லை. குளித்தார், சாப்பிட்டார், கொடியில் கிடந்த துணியை எல்லாம் மடித்தார். மேசையைக் கடக்கும்போதெல்லாம் கண் மட்டும் அங்கே போய்வந்தது. அதில் அலுவலகம் எழுதிவைத்திருந்த வரைவின் முதல் வரியிலேயே பிழை. ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

சாயங்காலம் சிவப்புப் பேனாவைத் தேடினார். அதை நான் அரிசி டப்பாவில் புதைத்துவைத்திருந்தேன். பென்சிலை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஒளித்தேன். தாளை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய எழுதினார். பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைத்தேன்.

"கோக்குமாக்கா எழுதிக் குடுங்கப்பா. யாரு கேக்கப்போறாங்க?"

"அப்படி எழுதினா, நான் சுமாருன்னு அவரு போட்டது சரின்னு ஆயிடும்டி."

"நல்லா எழுதினா?"

"தோத்துருவேன்."

சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய அரசாணைக் கட்டு ஒன்றை இறக்கினார். தும்மித் தும்மித் தேடி ஒரு தாளை உருவினார். 'சுமார்' என்பது குறை ஆகாது, அதை ஊழியருக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்றது அந்த ஆணை. அப்படி ஒன்று இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை.

"அதை ஏம்பா சேக்கறீங்க? அவங்களுக்குத்தான் தெரியாதே!"

"எனக்குத் தெரியுமே. அது இல்லாம பதில் மொட்டையா நிக்கும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "இவரைக் கட்டிக்கிட்டதுக்கு நானும் ஒரு கேஸ் போடறேன். எனக்கு எதிரா பதில் மனுவை இவரே எழுதட்டும். எழுத்தாவது நல்லா இருக்கும்" என்றாள்.

வழக்கன்று நானும் கூடப் போனேன். நீதிபதி தாளைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். "இந்தத் துறையிலிருந்து இவ்வளவு தெளிவா ஒரு பதில் வந்து நான் பார்த்ததில்லை" என்றார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. அடுத்த மூச்சில் வழக்குத் தள்ளுபடி. நிமிர்ந்த முதுகு, இறங்கும் வழி தெரியாமல் அப்படியே நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கும் அதே நாற்காலி, அதே கண்காணிப்பாளருக்கு வணக்கம். ஓய்வு பெறும்வரை இனி அதுதான். கேலிக்கு ஒரு வார்த்தை தேடினேன், அகப்படவில்லை.

"ஏம்மா, தெளிவா இருக்குன்னுதானே சொன்னாரு?"

"ஆமாப்பா. ரெண்டு தடவை சொன்னாரு."

"எனக்கு ஒரு தடவைதான் கேட்டுது."

"ரெண்டாவது தடவை மெதுவா சொன்னாரு. நான் முன்னாடி நின்னேன்ல."

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவருக்கும் அது தெரியும்.