டாக்டர் வண்டி

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. கூட்டேரிப்பட்டில் மேகமும் இல்லை, காற்றும் இல்லை. பழைய கார் விற்கும் தகரக் கொட்டகையின் கீழே நின்ற சிவப்பு வண்டியின் கதவைத் தொட்டேன், விரல் சுட்டது. அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

என் மனைவியின் இடுப்பு வலிக்குச் செவ்வாய்தோறும் விழுப்புரத்தில் பிசியோதெரபி செய்து கரண்ட் வைக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து அவளை அழைத்துப் போவது என் வேலை. மே மாதத்தில் ஒருநாள், சர்வீஸ் ரோட்டிலிருந்து பெரிய சாலையில் ஏறும்போது, பின்னால் வந்த ஆம்னி பஸ் எங்கள் பழைய வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. விழுப்புரத்தில் இருக்கும் மாப்பிள்ளை அன்று மாலையே வந்துவிட்டார்.

"மாமா, உங்களுக்கு எழுபத்திரண்டு ஆவுதுங்க. இனிமே செவ்வாக்கெழம நானே வந்து அத்தைய இட்டுக்கினு போறேன். சாவியக் குடுத்துடுங்க."

அவர் என்னிடம் 'ங்க' போடாமல் பேசமாட்டார். நானும் அப்படித்தான். பதினாறு வருடமாக நாங்கள் சண்டை போடுவதே இந்த 'ங்க'வை வைத்துத்தான்.

"என் கண்ணுல கோளாறு இல்லீங்க மாப்பிள்ளை. வண்டிக்குத்தான் மூச்சு இல்ல."

அது உண்மை. நின்ற இடத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்த வண்டிக்கு இருபத்திரண்டு நொடி ஆகும். கடிகாரம் வைத்துப் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குள் வளைவிலிருந்து ஒரு பஸ் முதுகில் ஏறிவிடும். எனக்குத் தேவை சின்ன உடம்பும் பெரிய இன்ஜினும் உள்ள வண்டி. மாப்பிள்ளை, அத்தை ஏறி இறங்க வசதியாக உயரமான வண்டி வேண்டும் என்றார். அவர் சொன்னதாலேயே அது எனக்கு வேண்டாமல் போனது.

ஐந்து ஞாயிறு, பதினான்கு வண்டி பார்த்தேன். இரண்டில் மீட்டரைக் குறைத்திருந்தார்கள். ஒன்றில் கதவுக்குக் கதவு சிவப்பு வேறாக இருந்தது. பதினைந்தாவதுதான் இது. தரகருக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போது என்னைப் பார்க்காமல் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"யோசிக்காதீங்க சார். டாக்டர் வண்டி."

பழைய வண்டி விற்கிற இடத்தில் இதைவிடப் பெரிய சொல் இல்லை. டாக்டர் வண்டி என்றால் ஓட்டம் குறைவு, சர்வீஸ் தவறாது, குடித்துவிட்டு எவனும் தொட்டிருக்கமாட்டான். ஆனாலும் விசாரித்தேன்.

"எந்த ஊர் டாக்டர்?"

"பாண்டி ரோட்டுல சொந்தமா வச்சிருக்காரு சார். நாலு பேரு வேலை செய்றாங்க. காலைல போனா சாயங்காலம்தான் பாக்க முடியும், அவ்ளோ கூட்டம்."

ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். எண்பதுக்கு எட்டு நொடி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 18 செவ்வாய்க்கிழமை, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். மாப்பிள்ளை விடிகாலை பஸ் பிடித்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைச் சோதிக்கத்தான். சர்வீஸ் ரோடு முடியும் இடத்தில் மிதித்தேன். வண்டி பாய்ந்தது. பின்னால் புகைக்குழாய் பட்டாசு மாதிரி இரண்டு தடவை வெடித்தது. மனைவி கையைக் கூப்பியபடி வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை விக்கிரவாண்டி வரை முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

விழுப்புரத்தில் காற்றுப் பிடிக்க டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது டாக்டர் வண்டியாச்சே! நீங்களா சார் ஓட்றீங்க?"

"ஏன், டாக்டரைத் தெரியுமா?"

"என்னா சார் இப்படிக் கேக்கறீங்க? இன்ஜின் டாக்டர். எந்த வண்டியக் குடுத்தாலும் ரேசுக்கு ஏத்திக் குடுப்பாரு. இதுல அவரே எத்தினி தபா ஜெயிச்சிருக்காரு!"

தரகருக்குப் போன் செய்தேன். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"நான் எம்.பி.பி.எஸ்.னா சார் சொன்னேன்? டாக்டர் வண்டின்னேன். பேஜார் பண்ணாதீங்க."

பின்சீட்டில் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை. "ரேஸ் வண்டிய வாங்கிட்டீங்க மாமா. இத நான் வித்துத் தர்றேங்க. சாவியக் குடுங்க."

கரண்ட் வைக்கும் இடத்து வாசலில் அடுத்த சிக்கல். சீட் தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. என் மனைவி அதில் புதைந்துபோய், எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார். அவர் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவள் அவள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அவர் கையைப் பார்க்காமலே பேசினாள்.

"வேணாங்க. அவரு தூக்கட்டும்."

நான் சுற்றிவந்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் எழுந்தாள். எழுந்ததும் மாப்பிள்ளைக்குக் கேட்காமல் என் காதில் சொன்னாள்: "உங்க வீம்புக்கு என் இடுப்பா கெடச்சுது?"

ஆனால் சாவி என்னிடமே நின்றது. மாமியாரைக் கையைப் பிடித்துத் தூக்க மாப்பிள்ளையால் முடியாது, அவளும் விடமாட்டாள். வண்டியின் குறையே எனக்கு வக்கீலாக வந்தது. மாப்பிள்ளை பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு ஏழு செவ்வாய், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அவளை நான்தான் தூக்கினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்கு இல்லை. எட்டாவது செவ்வாய் தூக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் திண்டிவனத்தில் லாரிக்கு சீட் தைக்கும் கடைக்குப் போய், கதவுக்கு மேலே பிடித்து எழ ஒரு நைலான் பட்டை கேட்டேன். கடைக்காரர் இழுத்துக் காட்டினார். "சிமெண்ட் மூட்டையே தொங்கும் சார். வீட்ல அம்மா யாரு தொணையும் இல்லாம எழுந்துக்குவாங்க."

அது எனக்கும் தெரியும். இனி அந்த வண்டியை யார் ஓட்டினாலும் அவள் தானாகவே இறங்கிவிடுவாள். மாப்பிள்ளை ஓட்டினாலும்.

"போடுங்க" என்றேன். பட்டை முந்நூற்று நாற்பது. அதோடு வண்டி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நான்கு புது டயர், நான்கு எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.