மூட்டில் வைத்த சந்தனம்

காலை ஒன்பது இருபதுக்குத் துணி வெட்டும் கத்தரிக்கோல் திறக்கவில்லை. அதுவரை எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் அது. பள்ளிக்கு விடுமுறை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நானும் மகளும்தான். அவள் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். பூசையில் வைத்த சாமான்களை அதனதன் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலின் மூட்டில் முந்தின நாள் நான் வைத்த சந்தனம் இடுக்குக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. பலமாக இழுத்ததும் மஞ்சள் பொடி உதிர்ந்து திறந்தது.

அதே கிண்ணத்துச் சந்தனத்தை மகளுடைய மடக்குக்கத்தியின் மூட்டிலும் வைத்திருந்தேன். அந்தக் கத்தி இப்போது அவள் கையில், மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் இருந்தது.

அவள் மா ஒட்டுக் கட்டுகிறவள். தோட்டக்கலை படித்துவிட்டுத் தோப்பு தோப்பாகப் போய், நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சியைச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவாள். இடது கைக்காரி. கடையில் கிடைக்கும் ஒட்டுக்கத்திகள் வலது கைக்காரர்களுக்காக ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை. அவற்றால் இவள் சீவினால் குச்சியின் வெட்டு முகம் குழிந்துவிடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் சொல்லி, இடது கைக்கென்றே ஒரு மடக்குக்கத்தி செய்துகொண்டாள்.

அலகைத் திறந்தால் பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடிப்பாகத்தை முட்டி நிற்கும். அது நிற்கிறவரை அலகு மடங்காது. மடக்க வேண்டுமானால் பெருவிரலால் தகட்டை ஒதுக்க வேண்டும். இரண்டு வருடம் நாள் முழுக்கத் திறந்து மூடியதில் தகட்டின் நுனியும் அலகின் அடியும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. திறந்த பிறகும் அலகு லேசாக ஆடியது.

“பூசை முடியட்டும் பாப்பா. புதுத் தகடு வெட்டிக்கிட்டு நானே வீட்டுக்கு வாரேன்” என்று அண்ணாச்சி அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதோடு கவலையை விட்டாள். எனக்கு அப்படி விடத் தெரியாது. சாயங்காலம் அவள் வாசலில் நுழையும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பேன். பத்து விரலும் இருக்கும். மறுநாளும் பார்ப்பேன்.

பூசை நாளில் ஆயுதங்களுக்கு ஓய்வு. கத்தி வீட்டில் இருந்தது. அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சுத்தம் செய்து வைக்க வேண்டியது என் வேலை. கையில் எடுத்த நான் கழுவியதோடு நிறுத்தவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். தேய்ந்தது என்றால் குறைந்துவிட்டது. உலோகத்தைத் தட்டினால் நீளும். இவ்வளவுதான் நான் யோசித்தது. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் கத்தியை வைத்து, மொட்டை ஆணி ஒன்றைத் தகட்டின் நுனியில் நிறுத்திச் சுத்தியலால் தட்டினேன். திறந்து பார்த்தேன். ஆட்டம் போயிருந்தது. நீண்டுவிட்ட தகடு முன்பு போல அலகின் அடியில் முழுதாக வந்து உட்காராமல், விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஆட்டம் இல்லாததையே பிடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சந்தனம் வைத்தேன். கொஞ்சம் நீர்க்கக் கரைத்துவிட்டேன். அலகின் நடுவில் வைத்திருக்கலாம். மூட்டில் வைத்தால்தான் எனக்குத் திருப்தி.

காலையில் வாசலில் நின்று அவள் கத்தியைத் திறந்து பார்த்தாள். “ஆட்டமே இல்லையேம்மா. நேத்தே அண்ணாச்சி வந்தாரா?” என்று கேட்டாள்.

“உம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பல காரணங்களைப் பிற்பாடு கண்டுபிடித்தேன். எதுவும் எடுபடவில்லை. அவளிடம் திட்டு வாங்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒன்பது இருபத்தைந்துக்கு அவளுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையடிவாரத்தில் எப்போதும் அப்படித்தான். மூன்றாவது தடவைக்குப் பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

“என்ன டீச்சர், லீவு அன்னைக்கு?”

“அண்ணாச்சி, பாப்பா கத்தியில நான் கை வச்சுட்டேன்.”

“எங்க வச்சீய?”

“தகட்டு நுனியில. ஆணிய வச்சுத் தட்டினேன்.”

“எத்தன தட்டு?”

“ஏழெட்டு இருக்கும்.”

“அது என்ன ஒங்க பள்ளிக்கூடத்து பெல்லா டீச்சர், ஏழெட்டு தட்டு தட்டுததுக்கு?”

மூட்டில் வைத்த சந்தனத்தையும் சொன்னேன். தகடு நகர வேண்டிய இடுக்கில் அது காய்ந்திருக்கும் என்றேன்.

“அம்புட்டும் பண்ணியிருக்கீய. பாப்பாகிட்ட சொல்லிட்டீயள்ல?”

“நீங்க வந்து சரிபண்ணுனதா நெனச்சுட்டுப் போயிருக்கா.”

“அவளா நெனச்சாளா, நீங்க சொன்னீயளா?”

“கேட்டா. ‘உம்’னு சொல்லிட்டேன்” என்றேன். அவர் குரலில் இருந்த கேலி நின்றுவிட்டது. “நான் வண்டிய எடுக்கேன். அந்தத் தோப்பு எனக்குத் தெரியும். நீங்க மம்சாபுரம் பஸ் ஸ்டாப்ல வந்து நில்லுங்க. உள்ள வந்து வழி தெரியாம சுத்தாதீய” என்றார்.

பஸ்ஸின் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்ணாடியில் மூன்று சந்தனப் பொட்டு. ஓட்டுநரின் ஸ்டியரிங்கிலும், பக்கத்தில் இருந்த கியர் கம்பியிலும் பொட்டு. கியர் போடும்போதெல்லாம் அந்தக் கம்பியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் நகர்ந்தது.

மம்சாபுரத்தில் இறங்கும்போது பத்தரை. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. கடைக்கார அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினார்.

“உக்காருங்க. நீங்க நின்னா பஸ் சீக்கிரம் வந்துருமா?”

“பஸ்ஸுக்கு நிக்கல. என் மக வரணும்.”

“அப்பம் அவளும் செத்த நேரத்துல வருவா. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். டீ ஆறி ஏடு படிந்தது. ஒட்டுக் கட்டுவதில் எந்த விரலுக்கு என்ன வேலை என்று யோசித்தேன். பிடியைச் சுற்றி இடது கையின் நான்கு விரல்களும் மடங்கியிருக்கும். அலகு மடங்கினால் அங்கேதான் வரும். ஆட்காட்டி விரல் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். குச்சியின் முகம் சரியாக இருக்கிறதா என்று அவள் கண்ணால் பார்ப்பதில்லை, அந்த விரலால் தடவித்தான் பார்ப்பாள்.

பதினொன்று ஐந்துக்கு மேற்கேயிருந்து அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் அவள். இடது கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். ஆட்காட்டி விரலில் ஒட்டுக் கட்டுகிற பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். நாடாவுக்குள் சிவப்பு தெரிந்தது. சட்டை முன்பக்கமும் அப்படித்தான்.

“நான் போறதுக்கு முன்னாடியே ஆயிருச்சு டீச்சர்” என்றார் அண்ணாச்சி. “எலும்புல படல. ஆஸ்பத்திரிக்குப் போயி தையல் போட்டுக்கிடலாம். அந்தா நிக்குத ஆட்டோவுல ஏறுங்க.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஆட்காட்டி விரல் கடைசியாக, மெதுவாக, பாதி வரை வந்து நின்றது.

“மடங்குது பாரு” என்றாள். பிறகு கையை மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“தண்டுப் பிளவுல சிக்குன அலக எடுக்கும்போது, ஆட்டம் இருந்தவரைக்கும் அலகோட முதுகையே பிடிச்சுத்தாம்மா உருவுவேன். இன்னைக்குத்தான் பிடியப் பிடிச்சு அசைச்சேன், மடங்கிருச்சு. அண்ணாச்சி வந்தாரான்னு ஒங்கிட்ட கேட்டேன்ல? ‘இல்லட்டி, நான்தான் தட்டுனேன்’னு சொல்லியிருந்தா, பழையபடியே எடுத்திருப்பேன்.”