பச்சை விளக்கு எரியும் வரை

வீட்டுக்குள் அதிர்வெண் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவனுக்கு முக்கால்வாசி வேலை காத்திருப்பது; மீதி, யாரும் ஸ்விட்சை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. வீட்டிலிருந்தே வானலையில் பேசும் ஹாம் ரேடியோவைக் கட்டிக்கொண்டு வீட்டாரிடம் பேச்சு வாங்கும் அன்பர்களே, உங்களுக்கு இதைச் சொன்னால் புரியும்.

யார் பக்கம் தப்பு?

அதிராம்பட்டினம் நசீர் பாய் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் லீவில் வந்தால் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ், தஞ்சாவூரில் என் மாடியில் ஒரு டிஷ். நடுவே வயலும் தென்னந்தோப்பும். மைக்ரோவேவ் அலையில் ஒருவர் அனுப்பும் சத்தம் மற்றவர் காதில் விழ வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

இந்த அலையில் சத்தம் நூலிழையாகத்தான் வரும். டிஷ் சரியான திசையில் இருக்க வேண்டும். டயலும் சரியான அதிர்வெண்ணில் இருக்க வேண்டும். போன வருஷம் லீவு முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினோம். ஒன்றும் கேட்கவில்லை. எது தப்பு என்றும் தெரியவில்லை. விமானம் ஏறுமுன் பாய் போனில் சொன்னார்: "தப்பு உங்க பக்கமா, எம் பக்கமா சார்? அது தெரிஞ்சாக்கூட அங்க போய் நிம்மதியாத் தூங்குவேன்."

மீன் வந்த பெட்டி

இரண்டு சந்தேகங்களில் ஒன்றையாவது ஒழித்துவிடுவது என்று இறங்கினேன். அதிர்வெண்ணுக்கு ஆதாரம் ஒரு படிகம். சின்ன அடுப்பு போன்ற கூட்டுக்குள் அது எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் அதிர்வெண் நழுவும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் படிகத்தை ஓயாமல் திருத்தும் கருவி ஒன்றைக் கட்டினேன். திருத்தம் முடிந்தால் பச்சை விளக்கு, முடியாவிட்டால் சிவப்பு. பாய்க்கும் ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

மின்விசிறியைப் போட்டால் என் படிகம் நழுவியது. அந்தக் கோடையை விசிறி இல்லாமலே கழித்தோம். இந்த முறை லீவில் வந்த பாய், மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். படிகத்தை அதற்குள் வைத்ததும் நழுவல் நின்றது. ஆனால் உள்ளே சூடு ஏற ஏற, பெட்டியின் பழைய வாசனை கிளம்பியது. என் மனைவி வசந்தா சொன்னது: "விசிறியப் போட விட்டீங்களே, அது போதும். ஆனா வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் குழம்பு எப்ப இறக்குவீங்கன்னு கேக்குறாங்க."

சிவப்பு விளக்கு

பாய் வீட்டில் ஒரு கல்யாணம். அதனால் சோதனை தள்ளித் தள்ளி, அவர் கிளம்பும் நாளில் வந்து நின்றது. முந்தின நாள் சாயங்காலம், அறுவடை சமயத்தில் வரக்கூடாத மழை. கரண்ட் போனது, யு.பி.எஸ். தீர்ந்தது, படிகம் ஆறிவிட்டது. காலையில் கரண்ட் வந்து படிகம் சூடேறிய பிறகும் விளக்கு சிவப்பாகவே நின்றது. கருவியின் திரையில், தெரியும் செயற்கைக்கோள்கள்: பூஜ்யம்.

வெளியே மழை விடவில்லை. உள்ளே கேபிளை மாற்றினேன், கனெக்டரைக் கழற்றித் துடைத்தேன். பூஜ்யம். "சாயங்காலம் கார் வந்துடும் சார்" என்று பாய் போனில் நினைவுபடுத்தினார். இந்த லீவும் போனால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

மதியம் மழை விட்டதும் மாடிக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் சம்பா நெல்லை எங்கள் மாடியில்தான் காயவைப்பார். நெல்லின் மேல் தார்ப்பாய் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது. கைப்பிடிச் சுவரில் என் ஜி.பி.எஸ். ஆன்டெனா இருந்த குழாயின் மேல் ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடை கவிழ்ந்திருந்தது, காற்றில் பறக்காதபடி கயிற்றால் கட்டி. அலுமினியத்தை ஊடுருவிக்கொண்டு எந்தச் செயற்கைக்கோளின் அலையும் வராது. பின்னாலேயே ஏறி வந்த அண்ணன் சொன்னார்: "நெல்லு நனைஞ்சா மறுபடி காயப் போட்டுக்கலாம், உங்க மிஷின் நனைஞ்சா என்னங்க பண்றது? அதான் இத மொதல்ல மூடிட்டு, அப்புறந்தான் தார்ப்பாயையே தொட்டேன்."

தொடாத டயல்

அவரைத் திட்ட முடியுமா? கூடையை எடுத்தேன். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. விளக்கு மட்டும் மாறவில்லை. கருவி படிகத்தை மெல்ல மெல்லத்தான் வழிக்குக் கொண்டுவரும். நடுவில் எதையாவது திருகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் பாயின் மனைவி பேசினார்: "கார் வந்து நிக்குது, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. இவங்க மாடிய விட்டு எறங்க மாட்டேங்கறாங்க."

வெயில் சாயும்போது பச்சை எரிந்தது. டயலைப் பேசிவைத்த எண்ணில் நிறுத்திக் கையை எடுத்தேன். டிஷ்ஷை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்துப் பழைய இடத்தில் வைத்தேன். வெறும் இரைச்சல். போன வருஷமாக இருந்தால் இந்நேரம் டயலைத் திருப்பியிருப்பேன்.

"கேக்கல பாய். ரெண்டு பக்கமும் பச்சை, அதிர்வெண்ல இனிமே சந்தேகமில்ல. நீங்க டிஷ்ஷத் திருப்புங்க."

"எந்தப் பக்கம் சார்?"

"மேற்கால. கொஞ்சம் கொஞ்சமா."

போனில் கார் ஹாரன் கேட்டது. மறுபடியும் ஹாரன். அப்போது இரைச்சலுக்குள் ஒரு கொசுவின் ரீங்காரம் போல எழுந்தது, விட்டு விட்டு. மோர்ஸ் தந்தி ஒலியில் பாயின் அழைப்புக் குறி! பதில் தட்டினேன். அவருக்கும் கேட்டுவிட்டது. போனில் கத்தினார்: "அப்ப போன வருஷமும் தப்பு எம் பக்கந்தான் சார்! அல்ஹம்துலில்லாஹ், இந்தா எறங்கிட்டேன், வண்டிய எடுக்கச் சொல்றேன்!"

படிகத்தை அணுக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்துவிடலாம் அன்பர்களே, அலுமினியக் கூடைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்க்கச் சொல்லிப் பக்கிரிசாமி அண்ணனை ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் அதைவிட நாளாகிறது.