மாரில் தண்ணீர்

எரிமலை ஆராய்ச்சி என்றால் நெருப்போடு விளையாட்டு என்று ஊரில் நினைக்கிறார்கள். மண்ணைச் சுரண்டிக்கொண்டு மனிதர்களிடம் கெஞ்சுகிற பிழைப்பு அது. எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பக்கம் நான் அதைத்தான் செய்தேன். புரொஃபசர் என்ற ஜீவனுக்குக் கீழே காலம் தள்ளிய அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏர்மெயில் வைத்தியம்

எரிமலை வெடித்த பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானால், ஜெர்மன்காரர்கள் அதை ‘மார்’ என்பார்கள். என் புத்திசாலித்தனத்தில் வீட்டுக்கு அப்படியே எழுதித் தொலைத்தேன்: ‘இங்கே மாரில் தண்ணீர் நிறைய. தினமும் ஆழம் பார்க்கிறோம்.’ அவ்வளவுதான், தஞ்சாவூரில் ஒப்பாரி! அண்ணன் பி.ஏ. படித்தவர், ஹெட் கிளார்க். அவராவது யோசிக்க வேண்டாமோ? பதில் வந்தது: “மாரில் தண்ணீரை அலட்சியம் பண்ணாதே. ஆராய்ச்சி கிடக்கட்டும், முதலில் எக்ஸ்ரே எடு.”

ஆறு வாரம்

என் பட்டமே ஒரு சுவரை நம்பி இருந்தது. எரிமலை கக்கிய நுரைக்கல்லைக் கட்டடக் கல்லுக்காகத் தோண்டும் குவாரியில் வெட்டுப்பட்டு நின்ற மண்சுவர். சாம்பல், நுரைக்கல், மறுபடி சாம்பல் என்று அடுக்கடுக்காக இருக்கும். எரிமலை ஒரே மூச்சில் ஓயவில்லை, விட்டு விட்டு வெடித்தது என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. போட்டோ எடுத்தேன், கறுப்பு வெள்ளையில் எல்லா அடுக்கும் ஒரே நிறம். புரொஃபசர் நேரில் பார்த்துத் தலையாட்டினால்தான் தீஸிஸ் தேறும். குவாரிக்காரரோ தினமும் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஓடினேன். அங்கே யாரைப் பார்க்கவும் ‘டெர்மின்’, அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், வேண்டும். புரொஃபசர் டயரியைப் புரட்டி ஆறு வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையைத் தானம் செய்தார். “அதற்குள் சுவர் போய்விடும், ஹெர் புரொஃபசர்” என்றேன், அழாக்குறையாக. மகானுபாவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பத்தாயிரம் வருஷம் காத்திருந்த சுவர், என் டெர்மினுக்கு ஆறு வாரம் காத்திருக்காதா?”

கொட்டகை

அந்தச் செவ்வாய்க்கிழமை பூட்ஸ் பளபளக்க வந்து இறங்கினார். சுவர் இருந்த இடத்தில் லாரி நின்றது. “முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?” என்று என்னிடமே பாய்ந்தார். மூன்று வருஷத்தில் முடிய வேண்டிய படிப்பு, வேறு சுவர் தேடி ஐந்து வருஷமாயிற்று.

அன்று குவாரிக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நுரைக்கல்லைச் சிமெண்டில் குழைத்து அச்சில் வார்த்த கற்களால் புத்தம் புதுப் பன்றிக் கொட்டகை. பெருமையோடு சொன்னார்: “உங்கள் சுவர் எங்கும் போகவில்லை, இதோ நிற்கிறது, என் பன்றிகளைப் பார்க்க டெர்மினும் வேண்டாம்.”

அண்ணன் பேச்சைக் கேட்டு அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருந்தால், தீஸிஸில் ஒட்ட அந்த ஒரு படமாவது தெளிவாகக் கிடைத்திருக்கும்.